நாக்குச்சிவப்பான்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கிறியா தாயி? முழங்கால் நிக்க விடமாட்டேங்குது. இல்ல இல்ல, பையை நானே மடியில வச்சுக்கிறேன். கீழ வச்சா எவனாச்சும் மிதிச்சுருவான். உள்ள ஊர்க் கையெழுத்து இருக்கு. ஆயிரத்து எண்ணூத்திப் பதினாறு கையெழுத்து. எதுக்கா? சொல்றேன். விருதுநகர் போய்ச் சேர எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு வர எனக்கு வராது. பின்னாடி ரெண்டு வேன்ல எங்க ஊர்க்காரங்க வர்றாக. கலெக்டர் ஆபீஸ்ல எல்லாரும் ஒண்ணாச் சேந்துக்குவோம்.

கை நிறைய வளையல் போட்டிருக்க. எத்தனையாவது மாசம்? எட்டா? ஆஸ்பத்திரிக்கா? தனியாவா போற? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலையோ. உங்கப்பா வந்திருக்கலாம்ல? ஓ, அவருக்கும் வேலை. சரி சரி, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. வளையல் சத்தம் கேட்டதும் ஏதோ கேட்டுட்டேன்.

நான் நல்லமங்கலம். பேரு குருவையா. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, நாக்குச்சிவப்பான் கடைன்னு சொன்னா கண்டக்டரே வாசல்ல இறக்கிவிடுவாரு. தேன்மிட்டாய் தின்னிருப்பல்ல? அரிசியும் உளுந்தும் ஆட்டி, உருட்டி எண்ணெயில போட்டு, ஜீனிப் பாகுல ஊற வைக்கிறது. கடிச்சா உள்ள இருந்து பாகு பீச்சும். அதேதான். ஆனா எங்க கடை மிட்டாயைத் தின்னா நாக்கு செக்கச்செவேர்னு ஆயிரும். மறுநா வரைக்கும் போகாது. அதான் அந்தப் பேரு.

பத்தாங்கிளாஸ் பரீட்சை அன்னைக்குக் காலையில எங்க ஊர்ப் பிள்ளைக அத்தனையும் என் கடை வாசல்லதான் நிக்கும். ஆளுக்கொண்ணு தின்னுட்டு நாக்கை நீட்டிக் காட்டணும். செவந்திருந்தா பாஸு. செவக்கலைன்னா இன்னொண்ணு திங்கணும். பொண்ணு பேசி முடிச்சாலும் அப்படித்தான். ரெண்டு வீட்டுப் பெரியவுகளும் மிட்டாயைத் தின்னுட்டு ஒருத்தருக்கொருத்தர் நாக்கைக் காட்டுவாக. சொன்ன பேச்சு மாறமாட்டோம்னு அதுக்கு அர்த்தம். வேற எந்த ஊர்லயாவது இப்படி உண்டா? ஒருத்தன் கடை மிட்டாயைச் சாட்சி வச்சு ஒரு ஊரே நடக்குதுன்னா சும்மாவா? முப்பத்தோரு வருசம் தாயி. இந்தா, விரலைப் பாரு. நகக்கண்ணுல, ரேகையில, எல்லாத்துலயும் சிவப்பு. சோப்புப் போட்டாலும் போகாது. எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் கையைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாக.

என் சம்சாரம் வேலம்மா இருந்த வரைக்கும் கலர் போடுறது அவதான். ஒரு சின்னக் கரண்டி வச்சிருந்தா. அதோட காம்பு நுனியால தொட்டு எடுப்பா, அவ்வளவுதான். நான் கிட்டப் போனாலே கையில ஒரு தட்டு தட்டுவா. மூணு வருசத்துக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டா. மாவு ஆட்டிக்கிட்டு இருந்தவ, நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தா, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் கலர் போடுறது நானு. எனக்கு அந்த அளவு பிடிபடல. கரண்டியையும் மக எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அம்மா நகை எதுவும் வேணாம்ப்பா, அந்தக் கரண்டியை மட்டும் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. அதுல என்னத்தக் கண்டாளோ. நான் விரலால அள்ளிப் போட்டேன். வேலம்மா போனதும் மிட்டாயும் போச்சுன்னு ஊர் பேசிரக்கூடாதுல்ல? அதனால கொஞ்சம் தூக்கலாவே போட்டேன். அவ இருந்தப்ப சாயங்காலமே வெளுத்துப்போற நாக்கு, என் கை பட்டதும் மறுநா வரைக்கும் நின்னுச்சு. ஊரே மெச்சுச்சு.

அப்பத்தான், இந்த வருசம் மாசி மாசம், உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வந்தாரு. சின்ன வயசு, கண்ணாடி போட்டவரு. மரியாதையாத்தான் பேசினாரு, அதை மறைக்கப்படாது. மிட்டாய் கொஞ்சத்தை எடுத்து நாலு பொட்டலமாக் கட்டி, சீல் வச்சு, என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போனாரு. பங்குனி பிறந்ததும் ரிப்போர்ட் வந்துருச்சு. துணிக்கும் காகிதத்துக்கும் போடுற சாயமாம். வயித்துக்குள்ள போகவே கூடாததாம். நான் என்னத்தக் கண்டேன்? மார்க்கெட்டுல ஒரு ஆளு காகிதத்துல மடிச்சுக் குடுப்பான். மிட்டாய்க் கலர் வேணும்னு கேப்பேன், குடுப்பான். டப்பாவும் கிடையாது, பேரும் கிடையாது.

ஆபீசர் சொன்னாரு: "கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும் அய்யா. நான் கடையை மூடச் சொல்லல. இந்தக் கலரை விட்டுருங்க. அனுமதிச்ச கலரை அளந்து போடுங்க, இல்லாட்டிக் கலரே இல்லாமச் செய்யுங்க. என்னென்ன சேத்திருக்குன்னு எழுதி ஒட்டுங்க." அவ்வளவுதான் சொன்னாரு. ஆனா சொன்ன விதம் இருக்கே... இல்ல, விதமும் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் சுர்ருன்னு ஏறிருச்சு. முப்பத்தோரு வருசமாத் தின்ன ஊர்ல எவன்யா செத்தான்னு கத்திட்டேன். அந்தச் சத்தத்துலதான் ஊர் கூடுச்சு.

ஊருன்னா ஊரு தாயி! மருதராசுன்னு எங்க வியாபாரிகள் சங்கச் செயலாளர், செல்போன் கடை வச்சிருக்காரு. அவர்தான் முன்னால நின்னாரு. "இது குருவையா அண்ணாச்சி பிரச்சினை இல்ல, நம்ம ஊர் மானப் பிரச்சினை"ன்னு மைக்கைப் பிடிச்சுப் பேசினாரு பாரு, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பஸ் ஸ்டாண்டுல என் போட்டோ போட்டு பேனர் கட்டுனாக. 'அண்ணாச்சி, உங்க பின்னாடி ஊரே நிக்குது'ன்னு இம்மாம் பெரிய எழுத்து. அரை நாள் கடையடைப்பு. மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனாக. வேலம்மா செத்த அன்னைக்குக்கூட அத்தனை பேர் வரல. நான் அழுதுட்டேன், சொல்றதுக்கென்ன.

வாட்ஸப்புல 'நாக்குச்சிவப்பானைக் காப்போம்'னு ஒரு குரூப். ஆளாளுக்குச் செவந்த நாக்கைப் போட்டோ எடுத்துப் போட்டாக. மருதராசு அவர் போன்ல காட்டுனாரு. பாதி நாக்கு வெத்தலை போட்ட நாக்கு. எனக்குத் தெரியாதா, மிட்டாய்ச் சிவப்பு எது, வெத்தலைச் சிவப்பு எதுன்னு? இருக்கட்டும், கையில மிட்டாய் இருந்திருக்காது. ஆதரவு ஆதரவுதானே?

வியாபாரமா? அது கொஞ்சம் மந்தம்தான். முதல்ல வெயில்காலம், அப்புறம் மழை. கடைக்கு ஆள் வராமல்லாம் இல்ல. வருவாக, "விட்டுறாதீக அண்ணாச்சி"ன்னு கையைப் பிடிப்பாக, என்னைப் பக்கத்துல நிறுத்திப் படம் எடுத்துக்கிட்டுப் போயிருவாக. மிட்டாய் வாங்கத்தான் மறந்துருவாக. இந்த வருசம் பரீட்சை அன்னைக்கு ஒரு பிள்ளை வரல. அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ரெண்டு தட்டு நிறையப் போட்டு வச்சிருந்தேன். மருதராசு மகனும் பத்தாங்கிளாஸ்தான். பைக்குல வச்சுப் பின் தெரு வழியாக் கூட்டிட்டுப் போனாரு. எங்க தெருவுல சாக்கடை தோண்டிக் கிடந்துச்சுல்ல, அதான் சுத்திப் போயிருப்பாரு. கோயில் பொங்கலுக்கு வருசா வருசம் என் மிட்டாய்தான். இந்த வருசம் ஏதோ பேக்கரியில இருந்து கேக்கு வந்துச்சு. கமிட்டியில புது ஆளுக, அவுகளுக்கு வழக்கம் தெரியல.

ஊரை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஊர் என் பக்கம். என் பக்கம் நிக்காதது ஒரே ஒருத்திதான். நான் பெத்தவ.

சுகந்தி பேரு. விருதுநகர்ல நர்ஸா இருக்கா, கட்டிக்குடுத்ததும் அங்கயேதான். ரிப்போர்ட் வந்ததுல இருந்து ஞாயித்துக்கிழமை தவறாம வந்துருவா, வயித்தைத் தள்ளிக்கிட்டு, இதே பஸ்ஸுல. கையில பீட்ரூட்டு, எலுமிச்சம்பழம், ஒரு சின்னத் தராசு, அவ அம்மா கரண்டி. பீட்ரூட்டுச் சாறை மாவுல விட்டா எண்ணெயில கருத்துப்போகுதுப்பா, பாகை இறக்கி ஆற வச்சுப் போடணும்பா. ஒரு நோட்டுல கிராம் கிராமா எழுதுவா. பாகு ஆறுற வரைக்கும் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே இருப்பா, காலெல்லாம் வீங்கிப்போயி. நான் உக்காருடின்னு ஒரு வார்த்தை சொல்லல.

ருசி நல்லாத்தான் இருந்துச்சு. ருசியில குத்தம் சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா செவக்கலையே! நாக்கைக் காட்டுடின்னேன். நீட்டுனா. சும்மா ரோஸ்கலர்ல ஒரு சாயல், ஒரு வாய்த் தண்ணி குடிச்சா அதுவும் போயிரும். "பூனை நாக்கு மாதிரி இருக்குல்லப்பா"ன்னு சிரிச்சா. எனக்கு வந்துச்சே கோவம். சட்டியோட தூக்கி அவ கண்ணு முன்னாடியே சாக்கடையில ஊத்தினேன். அவ சட்டியைக் கழுவிக் கவுத்திட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி வந்தா. அஞ்சு வாரம் வந்தா. அஞ்சு வாரமும் ஊத்தினேன்.

ஆறாவது வாரம் கையெழுத்துத் தாளை நீட்டினேன். முதல் வரி குடும்பத்தாளு போடணும்னு மருதராசு காலியா விட்டிருந்தாரு. அதே கலரைப் போட அனுமதி குடுக்கணும், கேஸை வாபஸ் வாங்கணும்னு கலெக்டருக்கு மனு. நின்னபடியே முழுசாப் படிச்சுட்டு, "போடமாட்டேன்ப்பா"ன்னா. ஏன்டின்னேன். "இதுல நான் போட்டா உங்களைக் கைவிட்டதா ஆயிரும்ப்பா"ன்னா. பாரு பேச்சை! கையெழுத்துப் போட்டவுகளெல்லாம் என் பக்கம் நிக்கிறாக. இவ போடாம என் பக்கம் நிக்கிறாளாம். அந்த முதல் வரி இன்னைக்கு வரைக்கும் காலியாத்தான் கிடக்கு, பை உள்ள பாரு.

அதுகூடப் பொறுத்துக்கிட்டேன். வைகாசியில வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டுல வச்சு. அதை முடிச்சுட்டுப் பிள்ளைத்தாச்சியைப் பெத்தவன் வீட்டுக்குக் கூட்டி வரணும்ல, தலைப்பிரசவம். நான் உள் ரூமுக்கு வெள்ளையடிச்சேன். ஃபேன் மாட்டுனேன். உத்தரத்துல தொட்டிலுக்குக் கொக்கி அடிச்சேன். கார் பிடிச்சு, பின் சீட்டுல அவ சாஞ்சுக்க ரெண்டு தலகாணி போட்டு எடுத்துட்டுப் போனேன். சீர்த்தட்டுல முதல் தட்டு என் மிட்டாய். ஐநூறு உருண்டை, நான் ஒத்தை ஆளாப் போட்டது. பந்தியில வைக்கப் போறேன், பக்கத்துல வந்து மெதுவாச் சொல்றா, "அப்பா, அதை மட்டும் வைக்க வேணாம்ப்பா. என்கூட வேலை பாக்குற பிள்ளைத்தாச்சிக மூணு பேர் வந்திருக்காக." மெதுவாத்தான் சொன்னா. ஆனா சம்பந்தியம்மா காதுல விழுந்துருச்சு. நீயே சொல்லு, பெத்த தகப்பனை, அத்தனை பேர் முன்னாடி! தட்டை அப்படியே வச்சுட்டு வந்து கார்ல ஏறிட்டேன். அவ கை நிறைய வளையலோட வாசல் வரைக்கும் ஓடியாந்தா. அந்தச் சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பல. வழி நெடுக அந்தத் தலகாணி ரெண்டும் பக்கத்துல கிடந்துச்சு.

ஆடியில பிறந்துச்சு. "பொம்பளப் பிள்ளை மாமா"ன்னு மாப்பிள்ளை போன் பண்ணாரு. சரின்னு சொல்லி வச்சுட்டேன். இப்ப நாலாவது மாசம் நடக்குது. குப்புற விழுந்திருக்கும், இல்லையா? இந்நேரம் குப்புற விழுந்திருக்கும்.

இல்ல, பாக்கல. கண்ணுல என்னவோ விழுந்துருச்சு, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்து தாயி.

வீம்பு எனக்கு ஜாஸ்தி. வேலம்மா சொல்லுவா. இப்பச் சொல்ல ஆள் இல்ல. காலையில எந்திரிச்சா மாவு ஆட்டுற மிஷின் சத்தம், அது நின்னுட்டா ஒண்ணுமில்ல. அந்த ரூம் கதவைச் சாத்தியே வச்சிருக்கேன். வெள்ளையடிச்ச வாசம் இன்னும் போகல. சில நாள் கடைக்கு ஒரு ஆள் வரமாட்டாக, சாயங்காலம் வாயைத் திறந்தாத் தொண்டை கட்டுன மாதிரி இருக்கும். தனியாக் கிடக்கேன் தாயி. ஊரே என் பின்னாடி நிக்குது, நான் தனியாக் கிடக்கேன்.

இன்னைக்குத்தான் மனு குடுக்கிற நாள். காலையில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு, ரெண்டு வேன், அறுபது பேருன்னு பேச்சு. வேட்டியை வெளுத்துக் கட்டிட்டு ஆறரைக்கே போயிட்டேன். அந்த பேனருக்குக் கீழதான் நின்னேன். மழையில என் மூஞ்சி போயிருச்சு, எழுத்து மட்டும் நல்லாத் தெரியுது. ஏழு ஆச்சு, எட்டு ஆச்சு. எனக்குப் பக்கத்துல ரெண்டு ஆடு ஒதுங்கி நின்னுச்சு. மருதராசு போன் அணைஞ்சு கிடக்கு. முகூர்த்த நாள்ல, ஆளுக்கொரு கல்யாணம் இருக்கும். வேன் கிடைச்சிருக்காது. பின்னாடி வருவாக. நீ ஜன்னல் பக்கம்தானே இருக்க, பின்னாடி ஏதும் வேன் தெரியுதா பாரு. இல்லையா? மணல் லாரிதானா. சரி.

என்ன கேட்ட? மிட்டாயா? இருக்கே! கலெக்டர் ஒண்ணைத் தின்னு பாக்கட்டும்னுதான் கொண்டு போறேன். அட, ஆசையாக் கேக்குற, பிள்ளைத்தாச்சி கேட்டுக் குடுக்கலைன்னா பாவம்ல. இரு, முடிச்சை அவுக்கிறேன். நேத்துப் போட்டது. பாரு, என்னா நிறம் பாரு. ரெண்டா எடுத்துக்க...

இரு.

இரு தாயி, கையை எடு. இது... நமுத்துப் போச்சு. பழசு. ஆமா, நேத்துப் போட்டதுதான். ஆனாலும் நமுத்துப் போச்சு. வேணாம் விடு.

கோவிச்சுக்கிட்டியா? உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்லம்மா. கை வரமாட்டேங்குது. என்னன்னே தெரியல, நீ வாய்கிட்டக் கொண்டு போனதும் வயித்தைப் பாத்துட்டேன். நீ யாரோ, நான் யாரோ, ஊர் பேர்கூட நான் கேக்கல. உனக்கே கை வரல. அவளுக்குத் தட்டு நிறையக் கொண்டு போயிருக்கேன். தின்னலைன்னு கோவிச்சுக்கிட்டு வந்திருக்கேன்.

அடக் கிறுக்குப் பயலே. என்னைச் சொன்னேன் தாயி, உன்னை இல்ல.

இரு, பையில இன்னொண்ணு இருக்கு. இந்த டப்பா. மாசா மாசம் சுகந்தி கண்டக்டர்கிட்டக் குடுத்து விடுறா, நாலு டப்பா ஆச்சு. ஒண்ணையும் நான் தொறந்ததில்ல. இதை எதுக்கு எடுத்தாந்தேன்னா, பாருங்க சாமி, இந்த மிட்டாய்ல நாக்கு செவக்குதான்னு கலெக்டர்கிட்டக் கேக்கத்தான். தொற. உனக்கு நகம் இருக்கு, நீயே தொற. மேல ஏதோ ஒட்டியிருக்கா பாரு, என் கண்ணாடி வீட்டுல இருக்கு. படி.

அரிசி, உளுந்து, ஜீனி, பீட்ரூட்டு, எலுமிச்சை, சரி. கீழ என்ன? தயாரிப்புன்னு போட்டிருக்கா? யார் பேரு?

இன்னொரு தடவை படி.

குருவையா மிட்டாய்க்கடை, நல்லமங்கலம். அப்படியா போட்டிருக்கா? அச்சடிச்சா? அவ பேரு எங்கயும் இல்லையா? நல்லாப் பாரு, ஓரத்துல எங்கயாச்சும். இல்லையா.

தின்னு தாயி. எப்படி இருக்கு? நல்லாருக்கா, மெய்யாவா? நாக்கைக் காட்டு. வெக்கப்படாத, நான் உங்கப்பா மாதிரி. ம்ம்... செவக்கல. இது செவக்காது. அப்படியே உன் நாக்குதான் தெரியுது. இன்னொண்ணா? எடுத்துக்க. எடுத்துக்க தாயி, தாராளமா. எனக்கு ஒண்ணு குடு.

தம்பி, கண்டக்டர் தம்பி! கலெக்டர் ஆபீஸுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி ஸ்டாப் வருமா? எனக்கு அங்க இறங்கணும். மனுவா? மனு கிடக்கட்டும். முதல் வரியே காலி, அதை யார்கிட்ட நீட்ட.

நீயும் அங்கதான இறங்குற? நல்லதாப் போச்சு. ஒரு எட்டு கூட வா, நர்ஸ் வீடுக வரிசையில மூணாவதுதான் என் மக வீடு. கதவை நீ தட்டு. நான் கொஞ்சம் பின்னாடி நின்னுக்கிறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லு தாயி, நீ பிள்ளைத்தாச்சி, உனக்குத் தெரியும். காலையில இருந்து மூணு தடவை சோப்புப் போட்டேன். இந்தா, ரெண்டு கையையும் பாரு. இந்தக் கையால பிள்ளையைத் தூக்கலாமா?